கெண்டைக்கால்

விழுந்துவிட்டான். யாரும் தொடவில்லை. வடலித்துறைப் பையன் ஒருவன் பந்தைத் தள்ளிக்கொண்டு பக்கத்தால் போனான், அவ்வளவுதான், அதற்குள் செம்பாறைத்துறையின் ஸ்டாப்பர் கிளீட்டஸ் வலது கெண்டைக்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மணலில் சாய்ந்தான், உருண்டான், உருண்ட வேகத்தில் கோட்டுக்கு வெளியே போய்விட்டான், வெளியே கிடந்தால் ஆட்டம் நிற்காது என்பது நினைவுக்கு வந்ததும் அலறலை நிறுத்தாமலே எதிர்ப்பக்கமாக உருண்டு மறுபடி உள்ளே வந்து சேர்ந்தான். கோட்டோரத்தில் சாக்கு விரித்து, புருசன் வறுவேலுக்கும் பக்கத்து வீட்டுப் பிரிஜித்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாள் அதை ஒன்றுவிடாமல் பார்த்தாள். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற குரல் அவளுடையது, அலைச்சத்தத்துக்கு மேலே ஏறி நிற்கிற குரல், வடலித்துறை எந்த ஊரில் ஆடப் போனாலும் ஜெசி அக்கா வந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் பையன்கள் பூட்ஸ் கட்டுவார்கள். திருவிழாப் பந்தயத்தின் அரையிறுதி. முதல் பாதியில் ஒரு கோலைப் போட்டுவிட்ட செம்பாறைத்துறை அதற்குப் பிறகு பந்தை விளையாடவில்லை, நேரத்தை விளையாடிக்கொண்டிருந்தது. கோல் காக்கிறவன் அவிழாத பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான், பின்வரிசை பேக்குகள் விசில் ஊதுகிற ரெப்ரி பார்க்காத பக்கத்தில் கால்விரலை மிதித்தார்கள், பனியனைப் பிடித்து இழுத்தார்கள், கார்னருக்கு நிற்கிறவனின் காதருகே போய் அவனுடைய அக்காளைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் பாதிரியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். இந்த வேலைகளுக்கெல்லாம் தலைவன் இந்தக் கிளீட்டஸ். எல்லாவற்றுக்கும் ஜெசிந்தாள் தொண்டையில் பதில் வைத்திருந்தாள், இதற்கும் வைத்திருந்தாள், வாயைத் திறந்தும்விட்டாள், அப்போதுதான் அவன் மணலில் கிடந்து கத்தியது காதில் விழுந்தது: "கெண்ட பெரண்டு போச்சுலே, பிடிச்சுக்கோ, விட்டுறாதல, விட்டா நான் போயிருவேன்!" கோட்டோரம் முழுவதும் சிரித்தது. "போயிருலே, யாரு பிடிச்சா!" என்றார் ஒருவர். "மணல்ல கிடந்துட்டு எங்கலே போவ, பாதாளத்துக்கா?" என்றார் இன்னொருவர். வறுவேல் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். ஜெசிந்தாளுக்குத் திறந்த வாய் திறந்தபடி இருந்தது.

அந்த வார்த்தைகளை அவள் கேட்டிருக்கிறாள். ஒரு தடவையா, எத்தனையோ தடவை, அதே வரிசையில், கெண்டையில் தொடங்கிப் போயிருவேனில் முடிகிற வரிசையில், ஆனால் கிளீட்டஸ் வாயிலிருந்து இல்லை, வறுவேல் வாயிலிருந்து. போன வருசத்துப் புயலில் வள்ளம் கவிழ்ந்தபோது வறுவேலும் கிளீட்டஸும் ஒரே டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள், ஒரு ராத்திரி முழுவதும், விடிந்து வெயில் ஏறும்வரைக்கும். செம்பாறைத்துறைக்காரன் வள்ளத்தில் இவன் கூலிக்குப் போயிருந்தான், மற்றவர்கள் போனது போனதுதான். திரும்பி வந்த வறுவேல் கடலுக்குப் போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான், கஞ்சி வைத்தால் குடித்தான், வைக்காவிட்டால் கேட்கவில்லை, மழை பெய்து ஓட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான், அவள் அவன் முதுகைப் பார்த்துப் பார்த்து அந்த முதுகில் இருக்கிற மச்சங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டாள். அப்படிக் கிடந்தவன் ஒருநாள், விசாரிக்க வந்த கோயில் கணக்கப்பிள்ளை தெரியாமல், "அந்தப் பய கிளீட்டஸ் உன்ன நல்லா காப்பாத்திட்டான்" என்று சொன்னபோது எழுந்து உட்கார்ந்தான். "அவன் என்னையா? நான்லா அவன!" என்றான். அதுதான் முதல் தடவை. கை மரத்துப்போய், இனி முடியாது, விட்டுவிடலாம் என்று விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தானாம் வறுவேல், அப்போது கிளீட்டஸ் திடீரென்று அலறினானாம், கெண்ட பெரண்டு போச்சுலே, பிடிச்சுக்கோ, விட்டுறாதல, விட்டா நான் போயிருவேன் என்று. எப்படி விடுவது, நம்மை நம்பி ஒருத்தன் கிடக்கிறான், ஒரு கையில் கேன், ஒரு கையில் அவனுடைய பனியன், விடியும்வரை பிடித்த பிடியை விடவில்லை. சொல்லி முடித்தபோது வறுவேலுக்கு முகம் சிவந்திருந்தது, கஞ்சி கேட்டான், தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்றும் கேட்டான். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னான், வராதவர்களைத் தேடிப் போய்ச் சொன்னான், டீக்கடையில் சொன்னான், குருசடியில் சொன்னான், சொல்லிச் சொல்லிக் கரைவரைக்கும் நடந்தவன் ஒரு விடியலில் ஊர் ஆள்களோடு வள்ளத்தில் ஏறிப் போயேவிட்டான். அன்றைக்கு அவள் கரையில் நின்று அழுதாள். அழுகை நல்ல அழுகை. அந்தக் கதைக்குத்தான் அவள் அன்று நன்றி சொன்னாள், மாதாவுக்கு ஒரு மெழுகுதிரியும் வைத்தாள்.

ரெப்ரி, மார்த்தாண்டத்திலிருந்து வந்தவர், பொறுமைசாலி, குனிந்து கிளீட்டஸின் காலைப் பார்த்தார், விரலால் அமுக்கினார், அவன் தேவாலய மணி மாதிரி அலறினான். சரி என்று அவர் திரும்பி ஓர் அடி வைத்ததுதான், கிளீட்டஸ் எழுந்தான், புட்டத்தில் ஒட்டிய மணலைத் தட்டினான், பாய்ந்து தன் இடத்துக்கு ஓடினான், நொண்டல் இல்லை, ஒன்றும் இல்லை. "பாத்தியா பிள்ளே," என்றான் வறுவேல் அவள் தோளை இடித்து, "கடல்ல மெய்யாட்டு பெரண்டப்போ இவனுக்க முகத்தப் பாக்கணும். இப்பம் அதையே வச்சு நடிக்கான், நாறப்பய. ஒருக்க கெடச்ச சங்கதிய விடமாட்டான்." இவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாது. மெய் அங்கே, பொய் இங்கே, அவனுக்கு நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. ஆனால் அவளுக்கு அந்த அலறல் ஒன்றுதான், மணலில் கேட்டாலும் தண்ணீரில் கேட்டாலும் ஒரே அலறல், ஒருவன் சாகக் கிடக்கும்போது கத்தியதை அதே வார்த்தை அதே வரிசை மாறாமல் விளையாட்டில் கத்துவானா, அல்லது விளையாட்டில் எப்போதும் கத்துவதைத்தான் அங்கேயும் கத்தினானா. இல்லை, நான் அதிகம் யோசிக்கிறேன், வெயில் பட்டது, பந்தைப் பார் ஜெசி. பந்து நடுவில் அங்கும் இங்கும் போனது. அவள் பந்தைப் பார்த்தாள், பந்தில் ஏணி தெரிந்தது. ஏன் ஏணி. வறுவேல் சொல்கிற கதையின் கடைசியில் ஓர் ஏணி வரும். பெரிய விசைப்படகு வந்து கயிற்றேணியை இறக்கியதும் கிளீட்டஸ்தான் முதலில் ஏறினான், ஏறிக்கொண்டே ஒரு கையால் வறுவேலின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து மேலே போட்டான், "கர்த்தருக்க கருண பாத்துக்கிடு, போட்டக் கண்டதும் கெண்ட சரியாயிற்று" என்று வறுவேல் சிலுவை போட்டு முடிப்பான், கேட்டவர்களும் சிலுவை போடுவார்கள், அவளும் போட்டிருக்கிறாள். கயிற்றேணியில் கெண்டைக்கால் பிரண்டவன் ஏற முடியுமா. மேலே ஏறுவது என்றால் முழு உடம்பும் அந்தக் கால்மேல்தான் நிற்கும். ரெப்ரி திரும்பியதும் எழுந்து ஓடினான், படகு வந்ததும் எழுந்து ஏறினான். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ சாய்ந்து கொட்டியது, வலி இல்லை, இறக்கிவைத்த கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகுவது மாதிரி.

"மைனி, நாக்குல உப்பு வச்சு வெயில்ல உணக்கப் போட்டுட்டியளா?" பிரிஜித் முழங்கையால் குத்தினாள். "நீங்க சும்மா இருந்தா பயலுவளுக்கு காலு ஓடாது. நாலு நல்ல வார்த்த சொல்லுங்க அவன." பிரிஜித்தின் புருசனும் அதே வள்ளத்தில்தான் போனான். அவன் வரவில்லை. அவனுக்குப் பக்கத்தில் கிடந்தவன் யார் என்றுகூடத் தெரியாது, ஒருவேளை கிடந்தவனுக்கு நடிக்கத் தெரியாமல் இருந்திருக்கும், நேர்மையான ஆளாக இருந்திருப்பான், விட்டுராத ஓய், பயப்படாத, நான் இருக்கேன் என்று நல்ல வார்த்தை சொல்லியிருப்பான், நல்ல வார்த்தையைக் கேட்டு மனுசன் நிம்மதியாகக் கையை விட்டிருப்பான். இப்படி யோசிக்கிறதே பாவம். பிரிஜித்தின் சேலை நுனி தன் முழங்கால்மேல் கிடந்ததைப் பார்த்தாள், அதை எடுத்துவிடவில்லை. வறுவேலிடம், நான் இருக்கேன் என்று யாராவது சொல்லியிருந்தால்? அவளுக்கு வறுவேலைத் தெரியும். நான் இருக்கேன் என்று அவள் எத்தனை வருசம் சொல்லியிருக்கிறாள், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோதும் சொன்னாள், அவன் திரும்பிப் படுத்தானா. அவனைப் பிடிக்க ஆள் இருக்கிறது என்று சொன்னால் அவன் தளர்ந்துவிடுவான். அவன் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கட்டிலிலிருந்து அவனை எழுப்பியதும் அதுதான். அவளுக்கு இத்தனை வருசத்தில் தெரிந்த இந்த ஒரு சங்கதி அந்தப் பயலுக்கு ஒரே ராத்திரியில், தண்ணீரில் கிடந்தபடியே தெரிந்திருக்கிறது. எதிராளியைப் பார்த்ததும் இவனுக்கு எது வலிக்கும், எதற்கு ஓடுவான், எதற்கு நிற்பான் என்று கண்டுபிடிக்கிறதுதானே அவனுடைய விளையாட்டு. முதல் பாதியில் அவன் பந்தைக் கடலுக்குள் அடித்தான். மைதானம் கரையிலேயே இருக்கிறது, ஒரு பக்கத்துக் கோட்டைத் தாண்டினால் தண்ணீர், பந்தை அடித்தவனே நீந்திப் போய் எடுத்து வர வேண்டும் என்பது கமிட்டி வைத்த சட்டம், அலை மிரட்டினால் அடிக்கமாட்டான் என்று நினைத்து வைத்த சட்டம். அவன் அடித்தான், போனான், பந்தை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து மிதந்து, மாப்பிள்ளை குளிப்பதுபோலக் குளித்துத் திரும்பி வந்தான். அந்தக் கடலில், அந்த ராத்திரிக்குப் பிறகும். அங்கேயே கிடலே சவமே என்று அப்போது அவள்தான் கத்தினாள், ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. அவசரப்படாமல் கிடக்கத் தெரிந்தவன். நேரத்தைக் கொல்லத் தெரிந்தவன். அந்த ராத்திரி வேறு என்னதான் வேண்டியிருந்தது, நேரம் சாக வேண்டியிருந்தது, அவ்வளவுதானே.

சொல்லலாமா. பக்கத்தில்தான் இருக்கிறான், தோளில் தோள் படுகிறது, இஞ்சேருங்க, ஒன்று சொல்லட்டா என்று தொடங்கினால் போதும். தொடங்கியபின்? அவன் முகம் எப்படி மாறும் என்று அவளுக்கு இப்போதே தெரிந்தது, முதலில் சிரிப்பான், பிறகு ஏணியை நினைப்பான், பிறகு திரும்பிப் படுத்துக்கொள்வான், அந்த மச்சங்கள். சொல்லாமல் இருந்தால் கிளீட்டஸுக்கு யார் நன்றி சொல்வது. இதுவரை யாருமே சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லையே, கடவுளே, தலைகீழாக அல்லவா நடந்திருக்கிறது. கிறிஸ்மசுக்கு முன்னால் அவளும் வறுவேலும் நல்ல நெய்மீன் ஒன்றை எடுத்துக்கொண்டு செம்பாறைத்துறைக்குப் போனார்கள், கூடக் கிடந்தவனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. கிளீட்டஸின் அம்மா முற்றத்துக்கு ஓடிவந்து வறுவேலின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்க மவன எனக்குத் திருப்பித் தந்த கையி" என்று அழுதாள். இந்தக் கிழவி இப்படி அழுகிறாளே என்று ஜெசிந்தாளுக்கும் அழுகை வந்தது. வறுவேல் நெளிந்தான், சந்தோசமாக நெளிந்தான். திரும்பும்போது கிழங்கும் பலாச்சுளையும் கட்டிக் கொடுத்தார்கள், இன்றைக்கும் யாராவது இந்தப் பக்கம் வந்தால் அந்த அம்மா கிழங்கு கொடுத்துவிடுகிறாள், காப்பாற்றியவன் வீட்டிலிருந்து காப்பாற்றப்பட்டவன் வீட்டுக்குக் கிழங்கு வருகிறது. அப்போது கிளீட்டஸ் என்ன செய்தான். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு கூரையைப் பார்த்தான், காதைக் குடைந்தான். "ஆமா, அண்ணன் பிடிச்சாரு, இல்லன்னா போயிருப்பேன்" என்றான், பெற்றவளுக்கு முன்னாலேயே சொன்னான். அந்த முகம். ரெப்ரி வந்து, நீ அவனை மிதித்தாயா என்று கேட்கும்போது வைத்துக்கொள்கிற முகம், நான் எங்கே, எனக்கு என்ன தெரியும் என்கிற முகம், இன்றைக்கு எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. ஊரில் இவனைக் கள்ளன் என்கிறார்கள், நடிகன் என்கிறார்கள், நியாயமாக ஆடத் தெரியாத பயல் என்கிறார்கள், ஆமாம், நியாயமாக ஆடத் தெரியாதவன்தான், நல்லவேளை. நியாயமாக ஆடியிருந்தால் எனக்கு இந்தப் பக்கத்தில் தோளில் தோள் இருக்காது. தோள் சூடாக இருந்தது. வியர்வையும் பீடியும் மணத்தது. அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள், ஆட்டத்தை எட்டிப் பார்க்கிறவள் மாதிரி.

வடலித்துறை கடைசி நேர முட்டாக முட்டியது. பந்து கோல் கம்பத்துக்கு முன்னால் காலுக்குக் கால் போய், ஒரு முழங்காலில் பட்டு, செம்பாறைத்துறைக்காரன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு உதைக்க, உதைத்தது வடலித்துறைப் பையன் தொடையில் பட்டு எகிறி, உருண்டு, கோட்டைத் தாண்டி அவள் மடியில் வந்து விழுந்தது. த்ரோ அவர்களுக்கு. அதைப் போட வருகிறவன் வேறு யாராக இருக்க முடியும், அந்தக் கோடியில் நின்ற கிளீட்டஸ், பக்கத்தில் நின்றவனைக் கையால் தள்ளி நிறுத்திவிட்டு, நானே போடுகிறேன் என்று மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தான். ஓடவில்லை. நடந்தான், நடுவில் ஒரு தடவை நின்று காலுறையை இழுத்துவிட்டான். "எறிஞ்சி குடு பிள்ளே, அவனுக்க மூஞ்சியில எறி, நேரம் போவுது!" என்று வறுவேல் கத்தினான். எல்லோரும் கத்தினார்கள். அவள் எறியவில்லை. பந்து ஈரமாக, மணல் ஒட்டி, உயிருள்ள ஏதோ ஒன்று போலக் கனமாக இருந்தது. அவன் வந்து முன்னால் நின்றான், கன்னத்தில் மணல், உதடு ஓரத்தில் வெடிப்பு. இவ்வளவு பக்கத்தில் அவனைப் பார்த்தது அந்த முற்றத்துக்குப் பிறகு இப்போதுதான். "எக்கா, பந்து," என்றான். "ஒண்ணும் அவசரமில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கே மறந்துபோயிருந்த குரல். "தம்பி, கடல்ல கெடந்தப்போ பெரண்டது எந்தக் காலு?" அவன் கை பந்துக்கு நீண்டபடி நின்றது. அவளைப் பார்த்தான். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். கண்ணில் ஒரு பயம் வந்து போனது, ரெப்ரியிடம் வராத பயம். "அது பிடிச்ச ஆளுக்குல்லா தெரியும்" என்றான். "இடது!" என்று வறுவேல் சாக்கிலிருந்து எழும்பிவிட்டான், "இடது காலுடி, எத்தன மட்டம் சொல்லியாச்சு, இடது!" கிளீட்டஸ் அவனுக்குத் தலையாட்டினான். "ஆமா அண்ணே, இடது," என்றான், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். பிறகு அவளைப் பார்த்தான். கேட்கிற பார்வை. மைதானத்தில் யாரிடமும் எதையும் கேட்காதவன், இப்போது ஒரு விசிலை எதிர்பார்ப்பவன் மாதிரி அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என்ன சொல்ல. நல்லா இரு என்று சொல்லலாம், அதை வறுவேல் கேட்பான், ஏன் என்பான். கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றலாம், அந்தக் கிழவி செய்த மாதிரி, ஊர் பார்க்கும். எல்லாம் ஒன்றாக வந்து நின்றது, சுவரும் மச்சமும் கஞ்சியும் மெழுகுதிரியும், ஒன்றையும் எடுத்து வெளியே வைக்க வழியில்லை, அவளுக்கு இந்த உலகத்தில் உரக்கச் சொல்லத் தெரிந்தது இரண்டே சங்கதி, ஒன்று மீனுக்கு விலை, இன்னொன்று இது. அவள் எழுந்து நின்றாள். பந்தை அவன் நெஞ்சில் ஓங்கிக் குத்திக் கொடுத்தாள். "லேய் கள்ளப்பயலே!" என்றாள், அலைக்கு மேலே ஏறியது அது, கோயிலின் மாதா கெபிமேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது, "நூறு வயசு வரைக்கும் சாவாம இப்பிடியே நொண்டிட்டுக் கிடலே! ஒனக்க கெட்டினவ வந்து, பிள்ளையள் வந்து, பிள்ளைக்குப் பிள்ளையள் வந்து உன்னத் தூக்கிட்டுப் போட்டும், அப்பமும் நீ நடிலே, நடிச்சிட்டே கிடலே, நாசமாப் போறவனே!" கோட்டோரம் ஆடியது. பிரிஜித் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "கொள்ளாம் பிள்ளே!" என்று வறுவேல் துள்ளினான். கிளீட்டஸ் தலையைக் குனிந்து, பூசையில் ஆசீர்வாதம் வாங்குகிறவனைப் போல முழுவதையும் வாங்கிக்கொண்டான். பிறகு கோட்டில் போய் நின்று பந்தைப் பனியனில் துடைத்தான். ஒரு பக்கம் துடைத்தான், திருப்பி மறுபக்கம் துடைத்தான், மணல் ஒன்று மிச்சம் இருப்பதுபோல நகத்தால் சுரண்டினான். ரெப்ரி கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் போவுதுலே, நேரம் போவுதுலே என்று வடலித்துறை முழுவதும் கத்தியது. ஜெசிந்தாள் சாக்கில் உட்கார்ந்தாள். போகட்டும் என்று இருந்தது அவளுக்கு.